கசாரா மலைக்கு அப்பால் ஒரு கூடாரம்

மே மாதம் என்றால் மும்பைத் தமிழர்களுக்கு ரயில் டிக்கெட் ஞாபகம்தான் வரும். நானும் இருபத்தைந்து வருடம் அப்படித்தான் இருந்தேன். கர்ஜத் தாண்டி ரயில் மலையேறும்போது ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. அந்த நேரத்தில் புளியோதரைப் பொட்டலம் பிரிபடும்.

தென்காசி வீட்டை விற்ற பிறகு 2023-ல்தான் முதல்முறையாக விடுமுறைக்குப் போக இடமில்லாமல் போயிற்று. எழுபத்து நான்கு வயது அம்மா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பால்கனியில் உட்காருவதோடு சரி. அவளை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்று என் மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். ஜூன் முதல் வாரம், ஒரு கூடாரத்தையும் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்டார்தராவுக்குப் புறப்பட்டோம்.

மும்பையிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். நாசிக் சாலையில் கசாரா மலைப்பாதை ஏறி, இகத்புரி தாண்டி, கோட்டியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வழியில் பாரி கிராமத்தருகே மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கள்சூபாய் தெரியும். உயரம் 1,646 மீட்டர். மலைகள் படிக்கட்டு வெட்டியதுபோல் இருக்கின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகிய பாறை இது. நம் குற்றால மலையின் பாறை வேறு. இதைவிட மிகப் பழையது. ஆனால் மலைத்தொடர் ஒன்றேதான். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி, கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் போகிறது. இதை நான் பையனுக்குப் பாடம்போல் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

பிரவரா ஆற்றின் குறுக்கே 1926-ல் கட்டி முடித்த வில்சன் அணையின் ஏரிக்கரையில் கிராமத்தார் கூடாரம் போட இடம் தருகிறார்கள். கூடாரத்தையும் அவர்களே வாடகைக்குத் தருவதால், புதிதாகப் போகிறவர்கள் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். தண்ணீரை ஒட்டிய பள்ளத்தில் போடாமல் சற்று மேடான இடமாகப் பாருங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தேள் இருக்கும். நாங்கள் சுமந்து போன அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அவர்கள் வீட்டில் சுட்டுத் தந்த பாக்ரியும், பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும் அப்படி ருசித்தன.

அந்தப் பருவத்தில் அங்கே கூட்டம் கூடுவது மின்மினிக்காக. மழைக்கு முந்தைய சில வாரங்கள், ஒரு மரம் முழுக்க ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும். இருட்டியதும் ரதன்வாடி பக்கம் காரில் போனோம். நான் பெருமையாக முன்விளக்கை எரியவிட்டு நிறுத்தினேன். எங்கிருந்தோ ஒரு சிறுவன் ஓடிவந்து, "திவே பந்த் கரா!" என்று கத்தினான். விளக்கை அணைக்கச் சொல்கிறான். அணைத்தேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு எதிரே இருந்த மரம் மூச்சுவிட ஆரம்பித்தது.

அவன் கத்தியதில் நியாயம் இருக்கிறது. ஆண் பூச்சி ஒளிகாட்டித்தான் துணையைத் தேடுகிறது. பெண் பெரும்பாலும் புல்லிலோ தாழ்ந்த செடியிலோ உட்கார்ந்து பதில் ஒளி காட்டும். மண்ணில் நத்தையைத் தின்று பல மாதம் புழுவாக வளரும் இந்த உயிருக்கு, இறக்கை முளைத்தபின் ஆயுள் சில வாரங்களே. நம் கார் விளக்கிலும் டார்ச்சிலும் அதன் ஒளி மறைந்துபோனால் அந்த இரவு அதற்கு வீண். பாதையை விட்டு இறங்கினால் பெண்பூச்சியை மிதிப்போம். இத்தனை பேர் பார்க்கப் போவதே அதற்கு ஆபத்துதான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். வனத்துறை நேரக் கட்டுப்பாடு விதிக்கும்போது முணுமுணுக்க வேண்டாம்.

மறுநாள் காலை அம்மாவைக் காணோம். தேடிப்போனால் ஒரு மரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏல, இது கடுக்கா மரம்லா!"

வீட்டுக்காரப் பெரியவர் அதை 'ஹிர்டா' என்றார். இங்குள்ள மகாதேவ் கோளி மக்களுக்கு அது பொறுக்கி விற்கும் வருமானம். அடுத்த மரத்தைக் காட்டினாள், தான்றி. அப்புறம் நாவல். அவளுக்கு மராத்தி தெரியாது, பெரியவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் மரம் மரமாகப் பேர் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் சொன்ன 1,600 கிலோமீட்டர் பையனுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

சரிவில் அடர்ந்திருந்த புதரைப் பெரியவர் 'கார்வி' என்றார். அதன் குச்சியை வரிசையாகக் கட்டி மண் பூசினால் வீட்டுச் சுவர். நம் நீலகிரிக் குறிஞ்சியின் இனம்தான். அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இது எட்டு வருடத்துக்கு. மும்பை போரிவலியில் சஞ்சய் காந்தி பூங்காவில் 2016-ல் பூத்தபோது நாங்கள் அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் குடியிருந்தும் எட்டிப் பார்க்கவில்லை. மழைக்காலத்து நடுவில் தொடங்கும் அந்த ஊதாப்பூ, சரிவுக்குச் சரிவு முறை மாறும். இந்தச் சரிவில் பூத்து மூன்று வருடம் ஆகிறதாம்.

அம்மா விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னும் அஞ்சு வருசம். எழுபத்தொம்பது. அப்பவும் இந்தக் காரு ஓடுமால?"