மூன்றாம் நாள் வீட்டுக்கு வருபவர்

பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து மிகுந்த காலம் பிறந்த முதல் 28 நாள். அதிலும் முதல் வாரம். அந்த வாரம் முடியுமுன்பே தாயும் சேயும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்போது வீட்டுக்கே வந்து பார்க்க ஊர்ப் பெண்களைப் பழக்குவதே தாய்சேய் நலத் தன்னார்வலர் பயிற்சி.

இதற்கு வழிகாட்டியது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் தொடங்கிய ‘சர்ச்’ (SEARCH) அமைப்பு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. மூன்றாம் ஆண்டில், இந்த ஏற்பாடு இல்லாத ஊர்களோடு ஒப்பிட, பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. ஆய்வு 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கென 2005இல் தொடங்கிய ‘ஆஷா’ திட்டத்தில் 2011 முதல் இந்தப் பணியும் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் பாடம் கை கழுவுவது. அடுத்தது எடை: இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும்; குழந்தையின் மூச்சு சீராக ஓடாததால், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பிசகும். அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் மீண்டும் எண்ண வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் ஆபத்து. மார்பு உள்ளிழுத்தல், பால் குடிக்காமை, காய்ச்சல், உடல் சில்லிடுதல், தொப்புளில் சீழ் ஆகியவையும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள். தாய்க்கு அதிக உதிரப்போக்கு, காய்ச்சல், வலிப்பு கண்டாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

ஊர்ப் பழக்கங்களையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வெயிலில் குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்று தண்ணீர் புகட்டுவதும், பிறந்ததும் சேனை வைப்பதும் சீம்பாலைத் தள்ளிப்போடும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலில் உள்ள நீரே போதும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்குத்தான். இந்த வெக்கையிலும் குளிப்பாட்டி ஈரத்தோடு விட்டால் பச்சைக்குழந்தையின் உடல் சில்லிட்டுவிடும். வீட்டில் இதையெல்லாம் முடிவு செய்பவர் பெரும்பாலும் பாட்டி. அவர் மனம் கோணாமல் எடுத்துச் சொல்லவும் பயிற்சி வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் உள்ளனர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் கிராம சுகாதார செவிலியரே இப்பொறுப்பைச் சுமக்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் ஊர் மாறிவிடுவார். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அண்டைவீட்டுப் பெண்ணுக்கே முதலில் தெரியும். பயிற்சி பெற்ற தன்னார்வலர் செவிலியருக்குத் துணையாவது இங்கேதான். வைத்தியம் பார்ப்பது அவர் வேலையல்ல. நாள் தவறாமல் போய்ப் பார்ப்பதும், ஆபத்தைக் கண்டதும் அனுப்பிவைப்பதும்தான்.