கார்னிவல் பவனித்தாள்களும் அவற்றின் பின்னணியும்

லெந்து காலத்தைப் பற்றி நாம் போதிப்பது மிகுதி. அக்காலத்தின் வாசற்படியில் நின்ற களியாட்டத்தைப் பற்றி ஆராய்ந்தது குறைவு. அக்களியாட்டத்தின் அச்சிட்ட நினைவுச் சின்னங்களாகிய பழைய பவனித்தாள்களை இன்று அருங்காட்சியகங்களும் தனி நபர்களும் தேடிச் சேகரிக்கின்றனர். இத்தாள்கள் எவை, இவற்றின் பின்னுள்ள மரபு யாது, திருச்சபை வரலாற்றைப் பயில்வோர்க்கு இவற்றால் ஆகும் பயன் என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. கார்னிவலும் லெந்தும்

கார்னிவல் என்னும் சொல், இறைச்சியை விலக்கிவைத்தல் என்று பொருள்படும் இடைக்கால இலத்தீன் வழக்கிலிருந்து பிறந்ததென்பர். நாற்பது நாள் உபவாசத்தில் இறைச்சியும் முட்டையும் வெண்ணெயும் விலக்கப்பட்டன. ஆகவே வீட்டிலிருந்தவற்றை உண்டு தீர்க்கும் கடைசி நாளாகச் சாம்பற் புதனுக்கு முந்திய செவ்வாய் அமைந்தது. பிரெஞ்சு மொழியில் அதன் பெயரே ‘மார்டி கிரா’, அதாவது கொழுப்புச் செவ்வாய். கார்னிவலைப் புறச்சமய விழாவின் எச்சம் என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நாம் அறிந்த வடிவிலுள்ள கார்னிவல், லெந்து இல்லையேல் இல்லை. மூத்த பீட்டர் பிரூகல் 1559இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் கார்னிவலும் லெந்தும் ஒரே ஊரின் சந்தைவெளியில் எதிரெதிரே நிற்பது இதனாலேயே.

சீர்திருத்தம் கட்டாய உபவாசத்தை நீக்கிய இடங்களில் கார்னிவலும் ஒழிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாம். எல்லா இடங்களிலும் அவ்வாறு நிகழவில்லை. 1529இல் சீர்திருத்தத்தைத் தழுவிய பாசெல் நகரில் இவ்விழா இன்றும் சாம்பற் புதனுக்கு அடுத்த திங்களன்று அதிகாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. ஞாயிறுகளையும் உபவாச நாட்களில் சேர்த்தெண்ணிய பழைய கணக்கு அந்நகரில் நிலைத்துவிட்டதே இக்காலத் தாமதத்திற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

2. பரிகசிக்கப்பட்ட ஒரு பிரசங்கியார்

பவனியைப் படமாக்கிச் சேமிக்கும் வழக்கம் அச்சுத்தாளுக்கு முந்தியது. ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில் 1449 முதல் 1539 வரை ‘ஷெம்பார்ட்’ ஓட்டம் என்னும் முகமூடிப் பவனி, இடையிடையே தடைப்பட்டாலும், நடந்து வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஓடியவர்களின் உடையையும், இழுத்துச் செல்லப்பட்ட ஊர்தியையும் வண்ணப் படங்களாக்கி அந்நகரின் உயர்குடியினர் ஏடுகளாகத் தொகுத்து வைத்தனர். அவ்வேடுகள் பல இன்றும் உள்ளன.

1539ஆம் ஆண்டுப் பக்கமே நமக்கு முக்கியமானது. அவ்வாண்டு இழுக்கப்பட்ட கப்பல் வடிவ ஊர்தியில், மூடர்களுக்கும் பேய்களுக்கும் நடுவே, சூதாட்டப் பலகையை ஏந்திய ஒரு குருவானவரின் உருவம் நின்றது. அது அந்நகரின் லூத்தரன் பிரசங்கியாராகிய ஆண்ட்ரியாஸ் ஓசியாண்டரைக் குறித்தது என்பதில் ஊராருக்கு ஐயமில்லை. தனிப் பாவஅறிக்கை குறித்து அவர் காட்டிய விடாப்பிடியான கண்டிப்பு முன்னரே பலருக்குக் கசப்பாயிருந்தது. ஓசியாண்டர் முறையிட்டார், நகர மன்றம் பவனியைத் தடைசெய்தது, ஷெம்பார்ட் ஓட்டம் அத்துடன் முடிவுற்றது. நகர மக்கள் தம் போதகரைப் பற்றி எண்ணியதைப் பிரசங்க நூல்கள் நமக்குச் சொல்லமாட்டா. அதைச் சொல்வது இப்படமே.

3. நியூ ஆர்லியன்ஸ் பவனித்தாள்கள்

சேகரிப்போர் இன்று பெரிதும் நாடுவது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் தாள்களை. அங்கே பவனிகளை நடத்துபவை ‘க்ரூ’ எனப்படும் மன்றங்கள். கோமஸ் மன்றம் 1857இல் தன் முதற்பவனியை நடத்தியது. அதன் பெயர் மில்டனின் நாடகத்திலிருந்தும், அவ்வாண்டின் கருப்பொருள் அவரது ‘இழந்த சுவர்க்கம்’ காவியத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. ரெக்ஸ், மோமஸ் ஆகியவை 1872இலும், புரோத்தியஸ் 1882இலும் பவனி வரத்தொடங்கின. புரோத்தியஸ் 1889இல் எடுத்துக்கொண்ட பொருள் ‘இந்துக்களின் சுவர்க்கங்கள்’ என்பது. பிற சமயங்களைப் பற்றி அக்கால மேனாட்டார் கொண்டிருந்த கற்பனைக்கும் இத்தாள்கள் சான்றாகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1941 வரை, பவனியின் ஊர்திகள் அனைத்தையும் வரிசைப்படி சிறு படங்களாகக் காட்டி, தலைப்புடன் வண்ணத்தில் அச்சிட்ட பெரிய தாள்கள் வெளிவந்தன. ஆராதனை முறைத்தாள் சபையாருக்கு உதவுவதுபோல, தெருவோரம் நின்றவர்கள் கடந்துசெல்லும் ஊர்தி எதைக் குறிக்கிறது என்றறிய இத்தாள் உதவிற்று. பவனி ஓரிரவில் முடிந்தது, ஊர்திகள் பிரிக்கப்பட்டன, தாளே எஞ்சிற்று.

4. அசலும் பாதுகாப்பும்

இத்தாள்கள் பலவண்ணக் கல்லச்சு முறையில் உருவானவை. வண்ணம் ஒவ்வொன்றிற்கும் தனிக் கல்லில் ஓவியன் கையால் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பர். ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால் புள்ளிகள் ஒழுங்கற்றுத் தோன்றும். ஒரே ஒழுங்கில் சிறு பூப்போல் அமைந்த புள்ளிகள் தென்பட்டால், அது பிற்காலப் புகைப்பட மறுபதிப்பு எனக் கொள்ளலாம்.

மலிவான மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். மடிப்பு வழியே கிழிவதும், வெயில் பட்டு நிறம் மங்குவதும் இயல்பு. அமிலமற்ற உறையில் மடிக்காமல் கிடத்தி, ஒளியும் ஈரமும் படாது வைத்தல் வேண்டும். ஒட்டுநாடாவும், சூடேற்றி ஒட்டும் பிளாஸ்டிக் உறையும் திரும்பப் பெறமுடியாத கேட்டை விளைவிக்கும்.

5. யார் யாரைப் பரிகசித்தனர்?

அழகில் மயங்கி ஆராய்ச்சியை விட்டுவிடலாகாது. 1873இல் கோமஸ் மன்றம் டார்வினின் கொள்கையைக் கருவாகக் கொண்டு நடத்திய பவனியில், உள்நாட்டுப் போருக்குப் பின் ஆட்சியிலிருந்த தலைவர்கள் விலங்குகளாகக் காட்டப்பட்டனர். முடிசூடிய குரங்கின் உருவத்தால் கறுப்பின மக்கள் இழிவுபடுத்தப்பட்டனர். அதன் வண்ண வரைபடங்கள் துலேன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பழைய இரவுப் பவனிகளில் வெள்ளையர் முகமூடியுடன் ஊர்தியில் அமர்ந்தனர்; கறுப்பினத்தார் தீவட்டி ஏந்தி நடந்தனர். கறுப்பினத்தாரின் ஜூலு மன்றம் 1909இல் எழுந்து, ரெக்ஸ் மன்னனின் ஆடம்பரத்தையே நையாண்டி செய்தது. 1991 டிசம்பரில் நகர மன்றம் பாகுபாட்டிற்கெதிரான விதியை இயற்றியபோது, கோமஸும் மோமஸும் தெருப் பவனியைக் கைவிட்டன. புரோத்தியஸும் விலகிப் பின்னர் 2000இல் திரும்பிற்று.

தலைகீழாக்குவதே கார்னிவலின் உரிமை என்பர். எனினும் தாழ்ந்தோன் உயர்ந்தோனை நகைப்பது வேறு. உயர்ந்தோன் தாழ்ந்தோனை நகைப்பது வேறு. முந்தியதில் ஒரு நாளேனும் விடுதலையின் சாயல் உண்டு; பிந்தியதில் ஏற்கெனவே உள்ள ஒடுக்குமுறையே முகமூடி அணிந்து வருகிறது. நூரெம்பெர்க் நிகழ்ச்சி இன்னும் சிக்கலானது. அங்கே நகைத்தவர்கள் செல்வர். நகைக்கப்பட்டவர் மனச்சான்றின்மேல் அதிகாரம் கோரிய போதகர். இருவருள் யார் மேலிடத்தில் இருந்தார் என்பது எளிதில் விடை காணமுடியாத கேள்வி.

இக்காரணங்களால், இழிவான படங்களையும் அழிக்காமல் காப்பதே சேகரிப்போரின் கடமை. அவற்றைப் பெருமைக்காக மாட்டிவைக்காமல் விளக்கத்துடன் காட்டுவது அதனினும் பெரிய கடமை. போதகர்களாகிய நமக்கோ, நம்மைப் பரிகசிக்கும் படம் ஒன்று கிடைக்குமாயின், அதைத் தடைசெய்யச் சொல்லுமுன் அதிலுள்ள உண்மையின் அளவை ஆராய்வது தகும். சாம்பற் புதனின் அழைப்பும் அத்தகைய தன்னாராய்ச்சிக்கே அன்றோ?