பாதி விலையில் விளையாட்டுச் ‘சாவி’: மூன்று வாரத்தில் மாயம்!

தாராவியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர், கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சிய ஓவர்டைம் பணத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று வாங்கினார். ‘ஸ்டீம்’ கடையில் விலை 2,000 ரூபாய்க்கு மேல். வேறொரு இணையதளத்தில் 850.

“சாவி ஒன்றுதானே அண்ணே!” என்றார்.

சாவி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. ஸ்டீமில் பெரும்பாலும் ஐந்தைந்தாக மூன்று பகுதி. அதைப் பதிவு செய்தால் விளையாட்டு நம் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்தது. மூன்று வாரம் விளையாடினார். ஒருநாள் டூட்டி முடிந்து வந்து பார்த்தால் காணோம். சாவி ரத்து! விற்ற ஆளுக்கு எழுதினார்; பதில் இல்லை.

இத்தகைய சந்தைகளில் விற்பவர் யார், எவர் என்று தெரியாது. தள்ளுபடியில் வாங்கிப் பதுக்கியவர் உண்டு. விலை குறைந்த நாட்டில் வாங்கி வந்தவர் உண்டு. விமர்சனம் எழுதுவதாகச் சொல்லி இலவசமாகப் பெற்றவரும் உண்டு. எல்லாவற்றிலும் மோசம், திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய சாவி. கார்டுக்காரர் புகார் செய்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டைத் தயாரித்தவருக்கு விலையும் போச்சு, மேற்கொண்டு கட்டணமும் தண்டம். அவர் சாவியை ரத்து செய்கிறார்.

இது கட்டுக்கதையல்ல. திருட்டுச் சாவி விற்றது நிரூபணமானால் பத்து மடங்கு தருவதாக ‘ஜி2ஏ’ என்ற சந்தை 2019-ல் அறிவித்தது. ‘ஃபேக்டோரியோ’ விளையாட்டைத் தயாரித்த செக் நாட்டு வுபே நிறுவனம் முன்வந்தது. 198 சாவிகள் அகப்பட்டன. 2020-ல் 39,600 டாலர் கொடுக்க நேர்ந்தது.

புக்கிங் கவுண்டரில் உட்காரும் எனக்கு இது புதிதல்ல. வெளியே ஏஜெண்டிடம் வேறு பெயர் டிக்கெட் வாங்கி, சோலாப்பூரில் இறக்கிவிடப்பட்ட நம்மவர் எத்தனை பேர்! டிக்கெட் அசல்தான்.

ஸ்டீமில் நேரடியாக வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியே வாங்கிய சாவிக்கு அந்த வசதி கிடையாது. மலிவு வேண்டுமென்றால் அங்கேயே கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி வருகிறது. ‘ஹம்பிள்’, ‘ஃபனாட்டிகல்’ போன்ற கடைகள் தயாரிப்பாளர்களிடமிருந்தே சாவி பெற்று விற்பவை. எங்கே வாங்கினாலும், சாவி இந்தியாவில் செல்லுமா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

தம்பி வங்கியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கும் போன் செய்துவிட்டார். 850 ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா என்று அறையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை.