அரிசியில் குறையும் சத்து

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி எரிந்து கரியமில வாயுவாகிறது. உலகெங்கும் இவ்வாறே எரிவதால், 1960-ல் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 317 பங்காயிருந்த அவ்வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

பயிருக்கு அதுவே உணவாயிற்றே என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நீர் குறையாவிடில் பருத்திக்கு நன்மையே. தாமிரபரணிப் பாசன நெல்லும் செழிக்கும்; ஆனால் மணியில் மாவுச்சத்து மிகுந்து மற்றச் சத்துகள் குறையும். வாயுவை ஏறத்தாழ 550 பங்காக உயர்த்தித் திறந்த வயல்களில் நடத்தி, 2014-ல் வெளியிட்ட சோதனைகளில் அரிசியின் இரும்பு சுமார் 5, புரதம் 8 சதவிகிதம் குறைந்திருந்தன. மரக்காலால் அளந்தால் இது தெரியாது!

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலின் கம்பும் சோளமும் அவ்வாயுவை இலைக்குள்ளேயே திரட்டிக்கொள்ளும் இனம். இவ்வினத்தில் சத்துக் குறைவு மிகச் சிறிதே. வரும் புரட்டாசி விதைப்பில் வீட்டுத் தேவைக்கேனும் ஒரு குறுக்கம் கம்புக்கு ஒதுக்கலாம்.