கொசுறும் இரையும்

பெங்களூர் அல்சூர்ச் சந்தையில் காய்கறி வாங்கி முடித்து, சில்லறையையும் எண்ணிக் கொடுத்தபிறகு, கடைக்கார அம்மாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் இரண்டு பச்சை மிளகாயையும் தானாக எடுத்து நம் பையில் போடுகிறாளே, அந்தக் கொசுறுக்கு ஈடான சிறு மகிழ்ச்சி வாணிப உலகில் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. நாம் கொசுறு என்பதைக் கன்னடத்தார் கொசரு என்பர். சொல்லும் பொது, பழக்கமும் பொது. அதன் இலக்கணம் எளியது. வியாபாரம் முதலில் முடியவேண்டும். பண்டமும் விலையும் கைமாறவேண்டும். அதற்குப் பின்னரே, கேட்டோ கேளாமலோ, கொசுறு வரும். தீபாவளிக்குத் துணிக்கடைக்காரர் கொடுக்கும் பையும், புத்தாண்டுக்கு நகைக்கடைக்காரர் கொடுக்கும் நாட்காட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. வாங்கினவன் தான் எதை, என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை அறிந்தவனாகவே வீடு திரும்புகிறான்.

வேறோர் இனத்தைச் சேர்ந்த இலவசம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததை நான் பிரத்யட்சமாகக் கண்டேன். அடுத்த வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் சோமேசுவரர் கோயிலை வலம்வந்து, திரும்பும் வழியில் ஒரு காபி குடிப்பதைத் தவிர வேறு செலவு அறியாதவர். பழைய சகாக்கள் நால்வர் வற்புறுத்தி அழைத்தார்கள் என்பதற்காக ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆனந்தராவ் சர்க்கிளில் கோவா பஸ் ஏறினார். திங்கட்கிழமை காலையில் இறங்கி வந்தபோது தலையில் ஒரு கறுப்புத் தொப்பி. கையில் தங்க எழுத்துப் பொறித்த ஒரு பை. பைக்குள் மடிப்புக் கலையாத ஒரு டீ சட்டை. "எல்லாம் ஃப்ரீ சார். சாப்பாடு ஃப்ரீ, டான்ஸ் ஃப்ரீ. ஆடறதுக்குக்கூட அவங்களே குடுத்தாங்க" என்று சொல்லி, ஆட மறந்து சட்டைப் பையில் தங்கிவிட்ட ஒரு பிளாஸ்டிக் வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றே பெரியது, எதிர்பார்த்ததைவிடக் கனமானது, விளிம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், நடுவில் ஓர் எண், அந்த எண்ணுக்குக் கீழே, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கவேண்டிய அளவில், இதைப் பணமாக மாற்ற இயலாது என்னும் கருத்துள்ள ஓர் ஆங்கில வாசகம்.

கோவாவின் சட்ட வரலாற்றைச் சிறிது அறிந்தால் அந்தத் தொப்பி ஏன் பெங்களூருக்கு வந்தது என்பது விளங்கும். 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கும், 1996இல் மறுபடி திருத்திக் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் அம்மாநிலம் இடங்கொடுத்தது. பனாஜிக் கரையோரம் மாண்டவி ஆற்றில் விளக்கலங்காரத்தோடு மிதக்கும் கேசினோக்கள் அவ்வாறு வந்தவை. ஆயினும் 2020 பிப்ரவரி முதல் கோவா மாநிலத்தார் அவற்றுள் புகுந்து ஆடலாகாது என்று அதே அரசு தடுத்துவிட்டது. தன் குடிகளுக்கு ஆகாது என்று ஓர் அரசாங்கம் விலக்கிவைத்த பண்டத்துக்கு வெளியூராரே வாடிக்கைக்காரராக வேண்டும். ஆதலால் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் மனிதரை வரவழைப்பது அத்தொழிலுக்கு ஜீவாதாரமாயிற்று. நுழைவுக்கென்று சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, அதற்குள்ளேயே விருந்தும் மதுவும் ஆடல் பாடலும் அடங்கியதாகச் சொல்லி, அவற்றின்மேல் கைநிறைய வில்லைகளையும் தருகிற உபசாரம் இப்படித்தான் வேரூன்றியது.

அந்த வில்லைக்கு 'ஒன் டைம் பிளே' சிப் என்று பெயர்; ஒரே ஒருமுறைதான் பந்தயம் வைக்கலாம். அதன் மதிப்பை ஒரு பள்ளி மாணவனும் கணக்கிட்டுவிட முடியும். ஒரே பூஜ்யமுள்ள ரூலெட் சக்கரத்தில் 37 கட்டங்கள். அவற்றில் சிவப்பு 18. ஆயிரம் ரூபாய் வில்லையைச் சிவப்பின்மீது வைத்தால் 37 சுற்றுக்குச் சராசரியாக 18 முறை ஆயிரம் ரூபாய் கிடைக்கும். வென்றாலும் தோற்றாலும் வில்லை மேசைக்கே போய்விடும் என்பது வழக்கமான விதி. ஆகவே ஆயிரம் என்று எழுதியிருந்தாலும் அதன் உண்மையான பெறுமானம் ஏறக்குறைய 486 ரூபாய். ஒற்றை எண்ணின்மீது வைத்தால் கணக்கின்படி 946 வரைக்கும் உயரும். ஆனால் 37க்கு 36 முறை வெறுங்கையோடு எழுந்திருக்கவேண்டும்.

இது சிறிய கணக்கு. உபசாரம் முழுவதற்கும் ஆதாரமான பெரிய கணக்கு மற்றொன்று உண்டு. ஒருவர் சராசரியாக எவ்வளவு பந்தயம் வைக்கிறார், மணிக்கு எத்தனை சுற்று ஆடுகிறார், எத்தனை மணிநேரம் உட்காருகிறார் என்பவற்றைப் பெருக்கி, அந்த ஆட்டத்தில் சூதாட்ட விடுதிக்குள்ள சாதகத்தால் மறுபடி பெருக்கினால், அம்மனிதரிடமிருந்து எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் வெளிப்படும். சுற்றுக்கு ஆயிரம் ரூபாயாக, மணிக்கு 40 சுற்று, நான்கு மணிநேரம் ஆடுபவர் மொத்தம் 1,60,000 ரூபாயைப் பந்தயத்தில் சுழலவிடுகிறார். ஒரு பூஜ்யச் சக்கரத்தின் சாதகம் நூற்றுக்கு 2.7, எதிர்பார்க்கும் நஷ்டம் ஏறக்குறைய 4,320 ரூபாய். இதில் கால்பங்கைத் தொப்பியாகவும் பிரியாணியாகவும் அறை வாடகையாகவும் திருப்பிக் கொடுத்தாலும் விடுதிக்கு முக்கால்பங்கு நிற்கிறது. நம் நண்பர் தமக்குக் கிடைத்ததாக மகிழ்ந்த டீ சட்டைக்குரிய விலை, இனி அவர் இழக்கப்போகும் பணத்திலிருந்து முன்கூட்டியே எடுத்த ஒரு துண்டுதான்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில் 1978இல் முதல் கேசினோ திறந்தபின், நியூயார்க்கிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் முதியவர்களைப் பஸ் பஸ்ஸாக ஏற்றி வந்து, இறங்கினதும் காகிதத்தில் சுற்றிய கால் டாலர் நாணயச் சுருளையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கூப்பனையும் கையில் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. பஸ் கட்டணத்தைக் கிட்டத்தட்டத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று எத்தனை பாட்டிமார் மனம் குளிர்ந்திருப்பார்கள்! அந்த நாணயம் பொருந்தும் துவாரம் பத்தடி தூரத்திலேயே காத்திருந்தது.

நம்மவரிடத்தில் இந்த உபாயம் இன்னும் ஆழமாக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம். மொய் எழுதுகிற சமூகத்தில் பிறந்தவர்கள் நாம். கல்யாண வீட்டில் ஒருவர் வைத்த நூற்றொரு ரூபாயை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் ஐம்பதாவது சேர்த்துத் திருப்பிச் செய்யாவிட்டால் தூக்கம் பிடிக்காது. வாங்கிய கை கொடுத்தே தீரவேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய தர்மம். அது நல்ல தர்மம். சூதாட்ட விடுதியின் பரிசு நேரே அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. "இவ்வளவு உபசாரம் பண்ணினாங்க, சும்மா எழுந்து வர எப்படி மனசு வரும்?" என்று அடுத்த வீட்டுக்காரர் என்னிடம் கேட்டபோது அவர் பேராசையால் பேசவில்லை, தாட்சண்யத்தால் பேசினார். தன் சொந்தக் காசை வைத்து ஆட ஒருநாளும் துணியாதவர், பிறர் கொடுத்த வில்லையை வைத்தார். அது போனபின், விட்டதைப் பிடிப்பதற்கு மட்டும் சொந்தக் காசை எடுத்தார்.

கோவா வரைக்கும் போகவேண்டும் என்ற அவசியங்கூட இல்லாத ஒரு காலத்தையும் இந்நகரம் பார்த்துவிட்டது. பணம் வைத்தாடும் கைப்பேசி ஆட்டங்களுக்குப் பெங்களூர் ஒரு தலைநகரமாகவே விளங்கிற்று. இங்கே 2018இல் தொடங்கிய மொபைல் பிரீமியர் லீக் நிறுவனம் 2020 நவம்பரில் இந்தியக் கிரிக்கெட் அணிக்குச் சீருடை வழங்கும் உரிமையையே பெற்றது. இந்த வகைச் செயலிகளில் புதிதாகச் சேர்பவர்க்கு வரவேற்புப் போனஸ் என்று ஒரு தொகை கணக்கில் ஏறி வந்தது. ஆனால் அது தனியே பூட்டி வைத்த பணம். சொந்தப் பணத்தைப் பந்தயம் வைக்க வைக்கத்தான் சிறுகச் சிறுகத் திறந்தது. குறித்த நாளுக்குள் ஆடாவிட்டால் மறைந்துபோயிற்று. மாண்டவி ஆற்றின் வில்லையே மின்னணு உருவம் எடுத்து வீட்டுக் கட்டிலுக்கு வந்ததென்று சொல்லவேண்டும். கர்நாடக அரசு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று செல்லாதென்றது. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது: பணம் வைத்தாடும் இணைய விளையாட்டை நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், அதற்கு விளம்பரம் செய்வோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் வரை அபராதமும். எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. இச்சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அது இணையத்துக்கு உரியது. ஆற்றில் மிதக்கும் மேசைகளையும், அவை அனுப்பும் பரிசுகளையும் அது தொடவில்லை.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் இழப்பைப் பற்றிப் பேசவில்லை என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அவர் அங்கே அஞ்சச் சொல்வது வெற்றியை. இரை மூடிய தூண்டில் இரும்பை மீன் விழுங்குவதோடு அதை ஒப்பிடுகிறார். அவர் காலத்தில் இரையாவதற்கு ஒரு வெற்றியாவது தேவைப்பட்டது. இன்று ஒரு தொப்பி போதுமாயிருக்கிறது.

எங்கள் தெருக்காரர் இரண்டாம் முறை தனியே போனார். மூன்றாம் முறை, மனைவியின் இரட்டை வடச் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போனபிறகு போனார். ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனைக்கு அவரை மகன் அழைத்துச் சென்றதைச் சொல்லவேண்டும். கைப்பேசியோடும் இணையத்தோடும் பிணைந்த பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்திவரும் ஸ்தாபனம் அது. சூதாட்ட வியாதியையும் வியாதியாகவே மதித்துப் பார்க்கிறவர்கள். மத்திய அரசின் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும் தமிழில் பேசலாம். மருத்துவர் கண்டிக்கவில்லை, கடைசியாக எப்போது, எந்த நேரத்தில், என்ன செய்தி வந்தபிறகு புறப்பட்டீர்கள் என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

சிங்கப்பூரில் 2010இல் கேசினோக்களைத் திறந்தபோது அந்நாட்டரசு நேர்மாறான வழியைக் கைக்கொண்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டவேண்டும் என்று விதித்தது. 2019இல் அது 150 ஆயிற்று. வாசலில் கொடுக்கிற இடத்தில் அங்கே வாசலில் வாங்குகிறார்கள்; குடும்பத்தார் மனுச் செய்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் விதி உண்டு. நம் நாட்டில் சீட்டு விலையைப் பற்றியும் வரியைப் பற்றியும் எவ்வளவோ விவாதித்திருக்கிறோம். ஆடும் முன்னரே கொடுக்கப்படும் பரிசை, வில்லையாயினும் சட்டையாயினும் அறையாயினும், முற்றாகத் தடைசெய்யவேண்டும் என்று கேட்பாரைக் காணோம். நான் கேட்கிறேன்.

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுது அடுத்த வீட்டு அம்மாள் கணவரின் கைப்பேசியைக் கொண்டுவந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, இங்கிலீஷ்ல இருக்கு" என்றார். பிறந்தநாள் வாழ்த்து. அந்த மாதம் முழுவதும் இரண்டு இரவு தங்கல் இலவசம், வரவேற்பு வில்லைகள் இரட்டிப்பு. அப்போது மணி ஆறரை. வீட்டில் எவரும் அவருக்கு இன்னும் வாழ்த்துச் சொல்லியிருக்கவில்லை. அந்த எண்ணைத் தடைசெய்வது எப்படி என்று கேட்டார், செய்துகொடுத்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அதே வாழ்த்து வேறோர் எண்ணிலிருந்து வந்தது.