ஜீவனாம்சம் மாதம் எவ்வளவு? கோர்ட்டு கணக்கு போடுவது எப்படி?

'வேலை இல்லை' என்று சொல்லி கணவர் தப்ப முடியாது

மதுரை,

புருஷன்-பெண்டாட்டி சண்டை முற்றி, பெண் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்து விடுகிறார். ஒரு மாதம் அண்ணன் பார்த்துக்கொள்வார். அடுத்த மாதமே வாடகை, பள்ளிக்கூட பீஸ் என்று கழுத்தை நெரிக்கும். "அவருக்கு சம்பள சீட்டே கிடையாது. கோர்ட்டுக்குப் போனா மட்டும் பணம் வருமா?" என்பதுதான் வண்டியூர் போன்ற பகுதிகளில் கூலி வேலைக்குப் போகும் பெண்களின் சந்தேகம்.

வரும் என்கிறது சட்டம்.

'125 மனு' இப்போது 144

'125 மனு' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்தின் 144-வது பிரிவாக மாறிவிட்டது. இதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. வசதி இருந்தும் கணவர் கவனிக்காமல் விட்டாலே மனு போடலாம். விவாகரத்தான பெண்ணும் மறுமணம் செய்யாதவரை கேட்கலாம். முஸ்லிம் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

முன்பு இந்தப் பிரிவில் அதிகபட்சம் மாதம் ரூ.500 தான். 2001-ல் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது.

தொகை எவ்வளவு?

'இவ்வளவுதான்' என்று எந்த அட்டவணையும் கிடையாது. கணவரின் வருமானம், மனைவியின் வருமானம், வீட்டு வாடகை, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு, சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வசதி ஆகியவற்றை நீதிபதி பார்ப்பார். கணவரை நம்பி வயதான பெற்றோர் இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

2017-ல் ஒரு வழக்கில், பிடித்தம் போக கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான தொகை என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதன்படி ரூ.20 ஆயிரம் சம்பளம் என்றால் ரூ.5 ஆயிரம். ஆனால் எல்லா வழக்குக்கும் இதே கணக்குதான் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு தனியாகக் கேட்கலாம்.

மனைவி வேலைக்குப் போகிறார் என்பதற்காக மட்டும் மனு தள்ளுபடி ஆகாது. பிழைப்புக்காக ஏதோ சம்பாதிப்பது வேறு, கணவர் வீட்டில் இருந்த நிலையில் வாழ்வது வேறு.

கூலித்தொழிலாளி என்றால்?

2020 நவம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களை பிரமாண பத்திரமாக கொடுக்க வேண்டும். தினக்கூலிகளுக்கும், வறுமைக்கோட்டுக்கு கீழ் உள்ளவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு.

"எனக்கு வேலையே இல்லைங்க" என்று கணவர் கையை விரித்தால்? உடலில் தெம்பு இருந்தால் உடல் உழைப்பு செய்தாவது மனைவி, பிள்ளைகளை காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாக கூறிவிட்டது. அவர் ஓட்டும் வண்டி, பேங்க் கணக்கு, செய்யும் தொழில் பற்றி ஆதாரம் இருந்தால் மனைவி கோர்ட்டில் கொடுக்கலாம்.

தாமதித்தால் நஷ்டம்

மனு போட்ட தேதியில் இருந்துதான் ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்பது 2020 தீர்ப்பு. வழக்கு எத்தனை வருஷம் இழுத்தாலும் அந்தப் பாக்கி வரும். ஆனால் 'பெரியவங்க பேசி முடிப்பாங்க' என்று மனு போடாமல் காத்திருந்த மாதங்களுக்கு வராது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அதை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய் 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்.

உத்தரவு போட்டும் பணம் வராவிட்டால் வாரண்டு பிறப்பிக்கலாம். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் உண்டு. ஜெயிலுக்குப் போய் வந்தாலும் கடன் தீராது. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு செய்துவிட வேண்டும்.

யாருக்கு கிடைக்காது?

வேறு ஒருவருடன் தகாத உறவில் வாழ்பவர், தக்க காரணம் இல்லாமல் கணவருடன் வாழ மறுப்பவர், இருவரும் பேசி சம்மதித்து பிரிந்தவர் ஆகியோர் இந்தப் பிரிவில் கேட்க முடியாது. கணவரின் அடி, உதை, வேறு பெண்ணுடன் குடித்தனம் ஆகியவை தக்க காரணங்களே.

கணவர் வெளியூரில் இருந்தாலும் அலைய வேண்டாம். வண்டியூரில் வசிக்கும் பெண் மதுரை குடும்பநல கோர்ட்டிலேயே மனு போடலாம். வக்கீல் பீஸ் கட்ட வழியில்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். அல்லது 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.