குளியலறைச் சுவர் தாங்குமா?
வீடு திரும்பும் நோயருக்காகக் குளிக்குமிடத்தை மாற்றியமைத்தல்

இடுப்பெலும்பு முறிவுக்கோ முழங்கால் மூட்டு மாற்றத்திற்கோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வீடு திரும்புவதற்கு முன்பு, எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவினர் குடும்பத்தாரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குளியலறையில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?" துண்டு போடும் கம்பி இருக்கிறது என்பதே பலரும் கூறும் விடை. அக்கம்பி ஈரத்துணியின் எடையைத் தாங்குவதற்கென்று இரண்டு மூன்று சிறு திருகுகளில் நிற்பது. கால் வழுக்கும் நொடியில் ஒருவருடைய முழு எடையும் அதன்மேல் விழுந்தால், கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவருக்கு அவ்வீழ்ச்சி தலையில் அடியாக முடிந்தால், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே குளியலறையைப் புதுப்பிக்க எண்ணுவோர் டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, அதன் பின்னால் இருக்கும் சுவர் எத்தகையது என்பதை அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.

செங்கல் சுவராயின் கவலை குறைவு. சாந்துப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் ஆங்கர் போல்ட்டுகள் கைப்பிடியை உறுதியாகப் பற்றும். கான்கிரீட்டும் அவ்வாறே. அண்மைக்கால அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரிதும் பயன்படும் எடை குறைந்த ஏஏசி பிளாக், ஹாலோ பிளாக் ஆகியவற்றின் நிலை வேறு. முன்னது மென்மையானது; பின்னதன் உள்ளே வெற்றிடம். சாதாரண பிளாஸ்டிக் செருகி இவற்றில் நாளடைவில் தளர்ந்துவிடும். இவற்றுக்கென்றே செய்யப்பட்ட ஆங்கர்களையோ, துளையில் இரசாயனப் பசை நிரப்பிப் பொருத்தும் போல்ட்டுகளையோ கேட்டு வாங்க வேண்டும். ஜிப்சம் தடுப்பும், சுவரை மறைக்க ஒட்டப்படும் பிவிசி பலகையும் தாமாக எந்தப் பாரத்தையும் தாங்கா. பிவிசி பலகை விரைவாக ஒட்டப்படுகிறது, துடைக்க எளிது, விலையும் குறைவு. எனினும் கைப்பிடி வரும் இடத்தில் அதன் பின்னால் உறுதியான சுவரோ, இரும்புச் சட்டமோ, நீர் தாங்கும் தடித்த ஒட்டுப்பலகையோ இருந்தாக வேண்டும். பலகையை ஒட்டிய பின் இதனைச் சேர்க்க இயலாது. முதல் நாளிலேயே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய டைல்ஸ் சுவரானால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுமாயின் டைல்ஸுக்கும் சாந்துக்கும் இடையே பிடிப்பு விட்டிருக்கிறது. அங்குத் துளையிட்டால் டைல்ஸ் வெடிக்கும். வெடிக்காவிடினும் கைப்பிடி நிலைத்து நிற்காது. துளையிடுமுன் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குழாயிலிருந்து ஷவருக்குச் செல்லும் தண்ணீர்க் குழாயும், கெய்சருக்குச் செல்லும் மின்கம்பியும் சுவருக்குள் மறைந்திருக்கும். அவை செல்லும் வழியைப் பிளம்பரிடமும் மின்பணியாளரிடமும் கேட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்வது நலம்.

கைப்பிடிக் கம்பி எவர்சில்வரில், 3 முதல் 4 செ.மீ. பருமனில் இருந்தால் விரல்கள் முழுமையாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஏறத்தாழ 4 செ.மீ. போதும். இடைவெளி மிகுந்தால், சறுக்கும்போது முன்கை உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளும். உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. வரை என்பர். ஆயினும் இவ்வளவைக் கடைக்காரரிடமிருந்து பெறுவதைக் காட்டிலும் நோயரையே நிறுத்திப் பார்த்துக் குறிப்பது மேல். எந்தக் கால் அறுவைச் சிகிச்சைக்குள்ளானது, எந்தக் கை வலுவுடையது, அவர் எத்திசையில் திரும்பி அமர்வார் என்பவற்றைப் பொறுத்தே கம்பியின் இடம் அமையும். உறிஞ்சு ரப்பரால் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவை முன்னறிவிப்பின்றிக் கழன்றுவிடக் கூடியவை.

சுவர் டைல்ஸைத் தேர்வதில் தவறிழைக்க வாய்ப்பு அதிகமில்லை. பளபளப்பானவை எளிதில் துடைக்க வரும். அவற்றைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரைக்குச் சொரசொரப்பான மேட் வகையே வேண்டும். கடையில் காய்ந்த டைல்ஸைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், ஒன்றை நனைத்து, சிறிது சோப்பு நீரும் விட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்க்கலாம். சிறிய டைல்ஸ்களில் இணைப்புகள் மிகுதியாதலால் பாதத்திற்குப் பிடிப்பும் மிகும். சுவரும் தரையும் ஒரே வெண்மையாக இருந்தால், கண்புரை உள்ளவருக்குத் தரை எங்கு முடிகிறது என்பதே புலப்படாது. தரையும் கைப்பிடியும் சுவரினின்று வேறுபட்ட நிறத்தில் இருக்கட்டும்.

டைல்ஸ் நீரைத் தடுத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இணைப்புகளின் வழியே ஈரம் உள்ளே செல்லத்தான் செய்யும். அதனைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசப்படும் நீர்க்காப்புப் பூச்சு. குளிக்குமிடத்தில் இப்பூச்சு தரையோடு நின்றுவிடாமல், சுவரில் ஆளுயரம் வரை ஏற வேண்டும். தரையில் பூசி உலர்ந்த பின், தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரமாவது வைத்துக் கசிவைப் பார்க்காமல் டைல்ஸ் பதிக்க விடாதீர்கள். ஈரம் தங்கும் சுவரில் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

பூச்சு உலர, தண்ணீர் தேக்கிப் பார்க்க, டைல்ஸ் பிடிக்க, இணைப்பு இறுக என்று நாள்கள் கழியும். நாள் குறித்துச் செய்யும் மூட்டு மாற்றமாயின், மருத்துவமனையில் சேருமுன்பே வேலையை முடித்துவிடலாம். எலும்பு முறிவு அத்தகைய அவகாசம் தருவதில்லை. அந்நிலையில் சுவரை உடைக்கத் தொடங்காமல், கைப்பிடியை மட்டும் பொருத்தி, கால்களில் ரப்பர் பொதிந்த உறுதியான குளியல் நாற்காலி ஒன்றை வாங்கினால் போதும். இடுப்பு அறுவைக்குப் பின் தாழ்ந்த முக்காலி கூடாது. அமரும்போது முழங்கால், இடுப்பைவிட உயரக்கூடாது என்பதே அளவு. குளியல் தொட்டி உள்ள வீடுகளில், மருத்துவர் அனுமதிக்கும் வரை அதன் விளிம்பைத் தாண்டி இறங்கவே வேண்டா.

நோயர் வீட்டில் இருக்கும்போதே டைல்ஸ் அறுக்க நேர்ந்தால், நீர் விட்டு, வெளியில் வைத்து அறுக்கச் சொல்லுங்கள். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. கெய்சரின் வெப்பத்தையும் அன்றே 50 பாகைக்குக் கீழே குறைத்துவிடலாம். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர், தோல் வெந்த பின்னரே அறிவார். கதவுத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருத்தல் நன்று.

வேலை முடிந்ததும் கைப்பிடியை நோயர் தொடுவதற்கு முன், வீட்டில் எடை மிகுந்த ஒருவர் இரு கைகளாலும் பற்றித் தம் பாரத்தை அதன்மீது செலுத்தி இழுத்துப் பார்க்கட்டும். சிறிது அசைந்தாலும் கொத்தனாரைத் திரும்ப அழையுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது குளியலறையைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்தால், கம்பி அமைந்த இடம் சரிதானா என்று இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.